கால் போனால் சிலந்தி செத்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வளர்ப்புப் பிராணிகள் பகுதியில், கால் அடிபட்ட டரான்டுலா சிலந்தியை (உடலெங்கும் முடி நிறைந்த பெரிய வகைச் சிலந்தி) என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது பிழைப்பது கடினம், வேதனைப்படாமல் முடித்துவிடுவதே நல்லது என்ற பொருளில் பதில் வந்திருந்தது. படித்ததும் மனம் பதைத்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் பெண் டரான்டுலாக்களில் சில இனங்கள் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. ஒரு கால் போனதற்காக அத்தனை ஆயுளையும் பறிப்பது கொடுமை.

கால் போவதல்ல, காயத்திலிருந்து இரத்தம் வடிவதுதான் ஆபத்து. டரான்டுலாவின் காலில் இரண்டு முக்கிய மூட்டுகளுக்கு நீட்டும் தசையே கிடையாது. மடக்குவது தசையின் வேலை. நீட்டுவது உள்ளே இருக்கும் இரத்தத்தின் அழுத்தம். இரத்தம் குறையக் குறைய அழுத்தமும் இறங்கி, கால்கள் உடலுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். அந்த நிலைக்கு விடாமல் கசிவை அடைத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

நான் தையல் தொழில் செய்பவள். முழங்காலில் பொன்னிறக் கோடுகள் கொண்ட தென் அமெரிக்க டரான்டுலா ஒன்றை வளர்க்கிறேன். ஓர் இரவு அது கண்ணாடிச் சுவரில் ஏறி, பெட்டியின் கம்பிவலை மூடியில் பாத நகம் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. அடியில் கையேந்தி விடுவிப்பதற்குள், உதறிய உதறலில் காலின் நடுப்பகுதி கிழிந்துவிட்டது. கிழிசலில் ஒரு துளி திரண்டு நின்றது. சிவப்பு இல்லை, கண்ணாடிபோல் தெளிந்து, விளிம்பில் மட்டும் இளநீலம். அதன் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு கலந்த புரதம்.

பஞ்சுக்குச்சியால் துளியை ஒற்றியெடுத்து, மெல்லிய தூரிகை நுனியில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தொட்டுக் கிழிசலின் மேல் மட்டும் பூசினேன். சோளமாவைத் தூவுபவர்களும் உண்டு. எதுவானாலும் வாயிலோ, வயிற்றின் அடிப்புறத்தில் இருக்கும் நான்கு புத்தக நுரையீரல்களின் (தாள்களைப்போல் அடுக்கடுக்காக அமைந்த மூச்சு உறுப்புகள்) திறப்பிலோ படக்கூடாது. அவை அடைபட்டால் மூச்சுத் திணறும். கட்டுப் போடுவது, ஆன்டிசெப்டிக் மருந்து ஊற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். குனிந்து பார்க்கும்போது முகத்தைப் பெட்டிக்குள் நுழைக்கவும் கூடாது. இந்த வகைச் சிலந்திகள் மிரண்டால் வயிற்றிலிருந்து அரிப்பு முடிகளை உதைத்துவிடும். கண்ணில் பட்டால் பெரும் தொல்லை.

பிறகு அது தானாகவே அந்தக் காலை அடிமூட்டோடு கழற்றிப் போட்டுவிட்டது. அருகில் இருந்தவர்கள் பதறினார்கள். எனக்கு நிம்மதி. சிலந்தியின் காலில் கழன்று விழுவதற்கென்றே அமைந்த இடம் அது. அங்கே தசை சுருங்கித் துளையை மூடிக்கொள்ளும். அதற்காக நாமே காலைப் பிடித்து இழுக்கத் துணியக் கூடாது.

அடுத்துத் தேவை தண்ணீர். ஆழமில்லாத கிண்ணத்தில் நிறையத் தண்ணீர் வைத்தேன். முன்னுடலைத் தாழ்த்தி, வாயைத் தண்ணீரில் பதித்து, அசையாமல் நெடுநேரம் குடித்தது. நடக்க முடியாமல் சோர்ந்திருந்தால் வாய் தண்ணீரைத் தொடும்படி கிண்ணத்தின் விளிம்பில் கிடத்தலாம். ஈரத்துணி விரித்த டப்பாவில் அடைத்து வைக்கும் பழைய முறையால் புழுக்கம்தான் மிஞ்சும். இரையாகப் போடும் சிள்வண்டை உயிரோடு உள்ளே விட்டுவைக்காதீர்கள். பலவீனமான சிலந்தியை அது கடித்துவிடும்.

இழந்த கால் தோலுரிக்கும்போது திரும்ப முளைக்கும். அந்த நேரத்தில் டரான்டுலா மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்தவர்களும் இருக்கிறார்கள். தொடாமல் விட்டுவிட வேண்டும். என் சிலந்தி உரித்து எழுந்தபோது எட்டாவது கால் இருந்தது. மற்றவற்றைவிடக் குட்டை, ஒல்லி, நிறமும் வெளிறியது. அடுத்தடுத்த உரிப்புகளில் அது மற்றவற்றோடு சரிசமமாகிவிடும். உரித்த பின் வெள்ளையாக இருக்கும் நச்சுப்பற்கள் கறுக்கும்வரை இரை கொடுக்கக் கூடாது. முதிர்ந்த ஆண் சிலந்தி பொதுவாக மீண்டும் தோலுரிப்பதில்லை; அதற்குக் கால் முளைக்காது. ஆனால் ஏழு காலோடு அது நன்றாகவே நடக்கும், வேட்டையாடும்.

வைத்தியத்தைவிட எனக்குக் கோபம் வருவது அந்தக் கம்பிவலை மூடியின் மேல்தான். டரான்டுலாவுக்கென்றே சொல்லி விற்கப்பட்ட பெட்டி அது. பாதத்தில் நகம் உள்ள பிராணிக்கு வலை ஒரு கண்ணி என்பது விற்பவர்களுக்குத் தெரியாதா? துளையிட்ட அக்ரிலிக் மூடி போதுமே. தரையில் வாழும் இனத்துக்கு, மண்ணுக்கும் மூடிக்கும் இடையே அதன் கால் விரிப்பைப்போல் ஒன்றரை மடங்கு உயரம் தாராளம். அதற்கு மேல் போனால் விழுந்து வயிறு வெடிக்கும் அபாயம் உண்டு. வளர்ப்புப் பிராணிகள் பகுதியில் இதைப் பெட்டியின் படத்தோடு ஒருமுறை வெளியிட வேண்டும். வலை மூடி வைத்திருப்பவர்கள் அன்றே மாற்றிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி