கேபிளுக்கு முன் ஊசியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இசைத்தட்டுகள் மறுபடி வீடுகளுக்கு வருவதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரையில் ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு பிளேயர் பழுது பார்ப்பது என் தொழில். கட்டுரை நன்றாகவே இருந்தது. நல்ல ஒலிக்கு விலை உயர்ந்த கேபிள் அவசியம் என்ற ஒரு வரிதான் உறுத்துகிறது. அந்த வரியை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு பேங்க் ஊழியர் வீட்டுக்குக் கூப்பிட்டார். பாட்டுக்கு அடியில் 'உம்ம்ம்' என்று ஓயாத சத்தம். கடைக்காரர் பேச்சைக் கேட்டு 38,000 ரூபாய்க்குக் கேபிள் மாற்றியும் போகவில்லையாம். பிளேயருக்குப் பின்னால் எர்த் ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் அதை முடுக்கியதும் சத்தம் நின்றுவிட்டது. இதற்குக் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சி.டி. பிளேயரிலிருந்து வருவது சுமார் 2 வோல்ட். ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சாதாரண ரெக்கார்டு கார்ட்ரிட்ஜிலிருந்து வருவதோ 5 மில்லிவோல்ட் அளவுதான், நானூறில் ஒரு பங்கு. இவ்வளவு சின்னதைப் பெருக்கும்போது வீட்டுக் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே புகுந்தால் அதுவும் சேர்ந்து பெருகும். அதனால் பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஓடும் ஒயர் முக்கியம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு வேண்டியது நல்ல ஷீல்டு (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை), ஆடாத பின், கூடுமானவரை குறைந்த நீளம். நீளம் ஏறினால் கெப்பாசிட்டன்ஸ், அதாவது ஒயர் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் குணம், ஏறும். ஜால்ராவின் கணீர் மாறிப்போகும். வெள்ளி முலாமுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

ஸ்பீக்கர் ஒயர் விஷயம் இன்னும் எளிது. வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் 4 மீட்டர் இழுத்தால், போக வர 8 மீட்டருக்கும் சேர்த்து ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.06 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 'வித்தியாசம் கேட்குதே' என்பவர்களிடம் சண்டைக்குப் போவதில்லை. "எது எந்த ஒயர் என்று தெரியாமல், வேறொருவரை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லிக் கேளுங்க சார்" என்பேன். அப்புறம் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

காசு போகவேண்டிய இடம் ஊசி. வைர ஊசியும் தேயும். ஆயிரம் மணி நேரம் ஓடினால் மாற்றிவிடுவது நல்லது. தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தையே சீவிவிடும். என்னிடம் வருகிற பழைய எக்கோ கம்பெனி எல்.பி. இசைத்தட்டுகளில் பாதிக்கு இந்தக் கதிதான், வயலின் ஏறும் இடமெல்லாம் கரகரப்பு. எந்தக் கேபிள் போட்டும் அதைச் சரிசெய்ய முடியாது.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் தாத்தா காலத்து 78 பிளேட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அதன் பள்ளம் அகலமானது, தனி ஊசி வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், தட்டில் இருக்கும் அரக்கு கரைந்துவிடும்.

பழைய மாடல்களுக்கு ஊசி எங்கே கிடைக்கும், என்ன விலை என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டால் உதவியாக இருக்கும். சிலவற்றுக்கு நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்,
மதுரை.