ஆனவண்டியில் காட்டுக்கு

வண்டிப்பெரியாறு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. மகளுக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழை இந்த ஆண்டு நின்று நிதானமாகப் பெய்தது. ஏலக்காய் விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. ஏறினாலும் இறங்கினாலும் புலம்புகிற ஊர் இது, நானும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

கார் எடுக்காமல் பஸ்ஸிலேயே வந்து காட்டில் நடக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். ஆனால் இந்த மலையில் ஓடுகிற எந்தப் பஸ்ஸும் நம்மைப் போல நடக்க வருகிறவர்களுக்காக ஓடவில்லை. எஸ்டேட்டிலும் காட்டு ஊர்களிலும் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வர ஓடுகின்றன. அதனால் பல தடங்களில் கடைசி வண்டி ராத்திரி மேலேயே தங்கிவிடும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து எழுந்து, விடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவார்கள். சாயங்காலம் மறுபடி ஏறுவார்கள். காலையில் ஏறி மாலையில் இறங்க நினைக்கிற நமக்கு எல்லாம் தலைகீழ். வெளியூர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று ‘இதென்ன நேரம்’ என்று திட்டுவது இதனால்தான். மேலே ஒரு ராத்திரி தங்க மனம் வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

முதலில் கவி, காட்டுக்குள் இருக்கிற ஏலத்தோட்ட ஊர். உன்னை நான் கூட்டிக்கொண்டு போக நினைப்பது அந்தத் தடத்தில்தான். குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு, வள்ளக்கடவு வழியாகக் காட்டுக்குள் நுழைந்து, கவி, கொச்சுபம்பா, கக்கி, மூழியாறு, ஆங்ஙமூழி என்று இறங்கிப் பத்தனம்திட்டா போகிற சாதாரண ஆனவண்டி. கேரள அரசு பஸ்ஸின் சின்னத்தில் யானை இருப்பதால் இங்கே சின்னப் பிள்ளை முதல் அப்படித்தான் சொல்கிறது. வெளி வண்டிகள் இந்தச் சாலையில் நினைத்தபடி நுழைய முடியாது. ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டு, முன்பதிவுச் சீட்டு காட்ட வேண்டும். பஸ்ஸில் போகிறவனுக்கு டிக்கெட் ஒன்றே போதும்.

விடியும் முன்பே ஏற வேண்டும். வள்ளக்கடவு செக்போஸ்ட்டில் கட்டை தூக்கினார்கள் என்றால் அதற்குப் பிறகு சாலை ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கத்துக் கிளைகளும் உள்ளே வந்து பார்க்கும். பழகியவர்கள் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டமாட்டார்கள். சாலை நடுவே யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தால் டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டு வண்டியை மெதுவாக்குவார், வளைவுக்கு வளைவு ஹாரன் கேட்கும். கருமந்தி நிச்சயம் தெரியும். சிங்கவால் குரங்கு நம் அதிர்ஷ்டம்.

நான் பார்த்துக்கொண்டே இருப்பது பஸ்ஸுக்கு உள்ளே நடப்பதைத்தான். போன முறை முன் சீட்டில் ஒரு பாட்டி, காலடியில் அரிசி மூட்டை, மடியில் வெங்காயப் பை. இன்னொரு வீட்டுக்கான மாத்திரை அட்டைகளை யாரோ கண்டக்டரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் அதைப் பணப்பையின் பக்கவாட்டில் செருகி, பெயரைப் பேனாவால் மேலே எழுதி வைத்திருந்தார். கவி வந்ததும் பெல் அடிக்கும் முன்பே வண்டி நின்றது. மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டு, “நாளைக்கு வரவில்லையா?” என்று தமிழிலேயே கேட்டார் கண்டக்டர். அவர் கோட்டயத்துப் பக்கத்து ஆள்.

கவியில் தமிழ் கேட்பது உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தேயிலை மலைகளிலிருந்து திரும்பியவர்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டங்களில் வேலை கொடுத்து இங்கே குடியமர்த்தினார்கள். ஒரு மலையிலிருந்து கிளப்பி இன்னொரு மலையில் இறக்கிவிட்டார்கள், தோட்டக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு மட்டும் மாறவில்லை. இன்று கவியில் நடை கூட்டிப் போகிற வழிகாட்டிகளில் அந்த வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. போட்டோ எடுக்கக் கூட்டமாக வருகிறவர்கள் அவர்களிடம் புலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நீ வந்தால் தாத்தாவைப் பற்றிக் கேள், நடை இன்னும் நன்றாக இருக்கும்.

ஒன்று கவனம். பஸ் போகிறதே என்று நடுவழியில் இறங்கி நடக்க முடியாது. இது பெரியாறு புலிகள் காப்பகம், கண்டக்டரும் நிறுத்தமாட்டார். கழகத்தில் முன்கூட்டியே பதிந்து, கவியில் இறங்கி, வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். திரும்பும் வண்டியின் நேரத்தைக் கிளம்பும் முன்பே குமுளி டிப்போவில் கேட்டுவிடலாம். காகிதத்தில் இருப்பதை நம்பி வராதே.

தேக்கடி உனக்குத் தெரிந்த இடம்தான். ஆனால் நாம் கல்லூரியில் படித்தபோது போனது படகுக்கு. குமுளி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்துக்கு நடந்தே போகலாம். அரை நாள் நடையும் உண்டு, காட்டின் எல்லையோரம் ஏறி இறங்கும் முழுநாள் நடையும் உண்டு. என்னைக் கவர்ந்தது கூட வருகிற ஆட்கள். காட்டில் வயணப்பட்டை என்கிற காட்டு லவங்கப்பட்டையை உரித்துக் கடத்தியவர்கள் மேல் வழக்குகள் குவிந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. 1990களின் கடைசியில் வனத்துறை அவர்களோடு பேசி, காட்டைக் காப்பதையும் வழிகாட்டுவதையும் தொழிலாகக் கொடுத்தது. கள்ளத்தனமாக நடந்த தடம் ஒவ்வொன்றும் அவர்களுக்கு அத்துப்படி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் காலெடுத்து வைப்பார்கள். மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்த வழிகாட்டிகளும் இருக்கிறார்கள்.

மாலை போட்டுக்கொண்டு வருவதாக இருந்தால் சத்திரம் வழி. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் சத்திரம், அங்கிருந்து புல்மேடு வழியாகச் சபரிமலைச் சன்னிதானம் வரை 12 கிலோமீட்டர் நடை. கார்த்திகையிலிருந்து மகர விளக்கு வரைதான் திறந்திருக்கும், மதியத்துக்கு மேல் ஏறவிடமாட்டார்கள். புல்வெளியும் சோலையும் மாறி மாறி வரும் அந்த மலைமுகட்டை ஐயப்பன் பெயரால் பார்த்தாலும் சரி, புல்லின் பெயரால் பார்த்தாலும் சரி. 2011 மகர விளக்கன்று புல்மேட்டில் நெரிசலில் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்த நாளை விட்டு மற்ற நாளில் வா.

மங்கலதேவி கண்ணகி கோயில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும். குமுளி வழியாக ஜீப் கூட்டம் புழுதியைக் கிளப்பும். நீ கம்பத்திலிருந்து பளியன்குடிக்குப் பஸ்ஸில் வந்து, நம் பக்கத்துக் காட்டுப்பாதையில் நடந்து ஏறு. செங்குத்து, வெயில் வேறு. இறங்கும்போது உன் முழங்கால் என்ன சொல்லும் என்று உன் மருத்துவரைக் கேட்டுக்கொள்.

குரங்கணியைப் பற்றியும் கேட்டிருந்தாய். போடியிலிருந்து பஸ் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கி இறங்கியது அந்தச் சரிவில்தான். 1924 வெள்ளம் மேலே இருந்த ரயில் பாதையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. 2018 மார்ச் 11 அன்று அதே சரிவில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடையில் காய்ந்து நிற்கிற புல்லில் காற்றும் சேர்ந்தால் மனிதன் ஓடித் தப்ப முடியாது. இப்போது தமிழ்நாடு வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் இணையத்தில் பதிந்துகொண்டு குரங்கணியிலிருந்து சாம்பலாற்றுக்குப் போகலாம். தீக்காலத்தில் தடங்களை மூடிவிடுகிறார்கள். கட்டணம் கனம் என்று சிலர் முனகுகிறார்கள், நான் முனகமாட்டேன்.

பொதிகை ஏறும் ஆசை இன்னும் இருந்தால் திருவனந்தபுரம் பக்கத்துப் போணக்காட்டுக்கு ஆனவண்டி உண்டு. ஆனால் அனுமதி ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு மட்டும். பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அதை உன் மருமகனிடம் ஒப்படை.

என்ன எடுத்து வருவது? அட்டைப்பூச்சிக்கென்று தைத்த, முழங்கால் வரை ஏறும் கெட்டித் துணி உறையைக் குமுளியில் வாடகைக்கே தருவார்கள். அதற்குள் நூல் அளவு உடம்போடு நுழைந்துவிட்ட அட்டையைப் பிடித்து இழுக்காதே. கொஞ்சம் உப்போ மூக்குப்பொடியோ தொட்டு வை, தானே சுருண்டு விழும். கடித்த இடத்தில் ரத்தம் சற்று நேரம் நிற்காமல் வரும், வலி இருக்காது. பளிச்சென்ற சட்டையும் சென்ட்டும் வேண்டாம். ரூபாய் நோட்டைச் சில்லறையாக வைத்துக்கொள். அரசு வண்டியில் ஐநூறு ரூபாய் நீட்டினால் கண்டக்டருக்கு அன்பு குறைந்துவிடும்.

மார்கழியில் வருவதானால் சொல், கவிக்கு நான் பதிந்து வைக்கிறேன். மதுரையிலிருந்து குமுளிக்கு நேர் வண்டிகள் ஓடுகின்றன. பகல் வண்டியாகப் பார்த்து வா. லோயர் கேம்ப் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, பின்னால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ராத்திரியில் வந்தால் அது போயிற்று. வள்ளக்கடவு தாண்டினால் செல்போன் பெரும்பாலும் எடுக்காது, இதை உன் மகளிடம் முன்பே சொல்லிவிடு. இல்லையென்றால் நாம் காட்டுக்குள் இருக்கும் நேரம் பார்த்து என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டே இருப்பாள்.

அன்புடன்,
ராஜாமணி