வினாத்தாளின் மூலக் கோப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணக்கு, அறிவியல் வினாத்தாள்களில் அச்சுப்பிழை என்ற செய்தி தேர்வுக்காலந்தோறும் வருகிறது. கவனக்குறைவு என்று சொல்லி, தயாரித்தவரிடம் விளக்கம் கேட்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் இவற்றில் பல, கோப்பு கைமாறும்போது நுழைபவை.

ஆசிரியர் வேர்டில் 10 என்று தட்டி, பக்கத்தில் 5-ஐ மேலேற்றிச் சிறிதாக்குகிறார். டி.டி.பி. சென்டரில் அதை வெறும் எழுத்தாக வேறொரு மென்பொருளில் ஒட்டும்போது தோற்றம் உதிர்ந்துவிடுகிறது. பத்தின் ஐந்தாம் அடுக்கு 105 ஆகிறது. மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் இது படாது. 105-உம் ஓர் எண்தானே! ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளில் இன்னொரு வம்பு. பாமினியில் எக்ஸ் விசை 'ஒ', காற்புள்ளி விசை 'இ'. பழைய எழுத்துருவை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் முழுக் கோப்பையும் போட்டால், இருபடிச் சமன்பாட்டில் எக்ஸ் இருந்த இடமெல்லாம் 'ஒ'வும், காற்புள்ளி இருந்த இடமெல்லாம் 'இ'யும் வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ்ப் பத்திகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றுவதே சரி.

கணிதம் அச்சிடுவதற்கென்றே டொனால்டு கனூத் 1978-இல் டெக் மென்பொருளை உருவாக்கினார். அதன்மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் எழுதியது லேடெக். இரண்டும் இலவசம். சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள சில நிறுவனங்கள் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு இதில் பக்கம் அமைத்துத் தருகின்றன. உள்ளூர்ப் பள்ளித் தேர்வுக்கு மட்டும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி மதிப்பெண்ணை வலது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

லேடெக்கில் கட்டளைகளை வெறும் எழுத்தாகத் தட்டி, நிரலை ஓட்டினால் அச்சுப்பக்கம் வரும். அங்கே அடுக்கு என்பது தோற்றமல்ல, எழுத்து. 10, ஒரு கேரட் குறி (^), 5 என்று தட்டி, இருபுறமும் டாலர் குறி இட்டால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் நோட்பேடில் திறந்தாலும் அந்தக் கேரட் அங்கேயே இருக்கும். அடுக்கு ஈரிலக்கமானால் அதைச் சுருள் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மறந்தால் 12-இல் 1 மட்டும் மேலே ஏறும், 2 கீழேயே நிற்கும்.

லேடெக் கோப்பை அச்சுப்பக்கமாக்கும் நிரல்களில், தமிழுக்கு ஸீலேடெக் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான பி.டி.எஃப்.லேடெக்கில் தமிழ் எழுத்து வந்தாலே பிழைச்செய்திதான். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவை அழைக்கும் வரியிலேயே 'ஸ்கிரிப்ட்: தமிழ்' என்று குறிப்பிடுவது கட்டாயம். விட்டுவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' மூன்று துண்டாகச் சிதறும்.

வினாத்தாளுக்கென்றே 'எக்ஸாம்' என்ற ஆவண வகுப்பு, அதாவது ஆயத்த அமைப்பு, லேடெக்கில் இருக்கிறது. வினா என்ற கட்டளையை இட்டு, மதிப்பெண்ணைச் சதுர அடைப்புக்குறியில் கொடுத்தால் எண்ணிடுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு வினாவை நீக்கினாலும் வரிசை குலையாது. விடையை அந்தந்த வினாவின் கீழேயே எழுதி வைக்கலாம். கோப்பின் தலைப்பகுதியில் ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்தால் அதே கோப்பு விடைக்குறிப்பாக அச்சாகும். வினாவில் ஓர் எண்ணைத் திருத்துபவர் கண்ணெதிரே விடையும் இருப்பதால், விடைக்குறிப்பைத் திருத்த மறந்தோம் என்ற பேச்சு குறையும். (அ), (ஆ) என்ற உட்பிரிவுக் குறிகளை மட்டும் நாமே வரையறுத்துக்கொள்ள வேண்டும். தானாக வருவது ஆங்கில எழுத்து.

மதிப்பெண்ணைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் நம் தேர்வு முறைக்கு அதை அப்படியே நம்பக் கூடாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுதச் சொல்கிறோம். ஐந்து மதிப்பெண்ணிலும் அப்படியே. எட்டு மதிப்பெண்ணில் 'அல்லது' வைத்த இரண்டு, அதாவது அச்சில் நான்கு வினாக்கள். மாணவருக்கு மொத்தம் 100. மென்பொருளுக்கோ 14, 28, 70, 32 சேர்ந்து 144. ஆகவே முகப்பில் 100 என்பதைக் கையால் எழுதிவிட்டு, 144 வருகிறதா என்பதைச் சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளலாம். வரவில்லை என்றால் எங்கோ ஒரு வினா விடுபட்டிருக்கிறது, அல்லது மதிப்பெண் தவறாக இருக்கிறது. நிரலை இரண்டு முறை ஓட்டிய பிறகே கூட்டுத்தொகை சரியாக வரும்: முதல் ஓட்டத்தில் எழுதி வைப்பதை இரண்டாம் ஓட்டத்தில்தான் படிக்கும்.

லேடெக்குக்குப் போனால் பிழையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விழுக்காட்டுக் குறிதான் பெரிய எமன். 'ஆண்டுக்கு 8% கூட்டு வட்டியில்' என்று நேரடியாகத் தட்டினால், அந்தக் குறியிலிருந்து வரி முடியும்வரை எல்லாமே ஆசிரியரின் சொந்தக் குறிப்பு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். வினாவில் பாதி காணாமல் போகும், ஆனால் பிழைச்செய்தி எதுவும் வராது. குறிக்கு முன் ஒரு பின்சாய்கோடு (\) இட்டால் தீர்ந்தது. டாலர் குறிகளுக்குள் தமிழ்ச் சொல்லை எழுதினாலும் இதே கதைதான். கணித எழுத்துருவில் தமிழ் இல்லாததால் சொல் மறைந்துவிடும். ஓட்டத்தில் நடந்ததை நிரல் பதிந்து வைக்கும் லாக் கோப்பில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்ற ஒரு வரி கிடக்கும். அச்சுக்கு அனுப்புமுன் லாக் கோப்பில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இருமொழி வினாத்தாள்களில் தமிழில் ஓர் எண், ஆங்கிலத்தில் வேறோர் எண் என்ற குளறுபடிக்கும் வழி இருக்கிறது. வட்டத்தின் ஆரம் 21 செ.மீ. என்றால் அந்த 21-ஐ ஒரு பெயரில் ஒருமுறை வரையறுத்து, இரண்டு மொழி வாக்கியங்களிலும் அந்தப் பெயரையே இட வேண்டும். பெயரில் எண் வரக் கூடாது, எழுத்து மட்டுமே. பெயருக்குப் பின் வெற்றுச் சுருள் அடைப்பு ஒன்று தேவை. இல்லையேல் அடுத்த இடைவெளியை விழுங்கி 21-உம் செ.மீ.-யும் ஒட்டிக்கொள்ளும்.

தமிழ், வரலாறு பாடங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸில், தலைப்பு, பத்தி ஆகியவற்றின் தோற்றத்தைப் பெயரிட்டு வைக்கும் 'ஸ்டைல்' வசதியை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதும். கணக்கு, இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு மாதிரிக் கோப்பைக் கையில் கொடுத்து, கணினி ஆய்வகத்தில் ஒரு முழுநாள் உட்கார வைத்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். பயிற்சிக்கு, உலாவியிலேயே லேடெக் எழுதி ஓட்டிப் பார்க்கும் ஓவர்லீஃப் இணையதளம் வசதியானது; கம்பைலர் என்ற இடத்தில் ஸீலேடெக் என்று மாற்ற மறக்கக் கூடாது. உண்மையான தேர்வுத்தாளை அங்கே ஏற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு, இணையத் தொடர்பு இல்லாத கணினியில் டெக் லைவ் என்ற லேடெக் தொகுப்பை நிறுவிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

வினா வங்கி தயாரிக்கும் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். வினாத்தாளை பி.டி.எஃப். ஆக மட்டும் வாங்கிக்கொண்டால், அடுத்த ஆண்டு அதிலிருந்து தமிழை நகலெடுக்கும்போது எழுத்து உடைகிறது. மறுபடி தட்டச்சு, மறுபடி பிழை. ஆசிரியர் தட்டிய, திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.

– கணித ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்