பேரரசைச் சிதைத்தது இனப்பகை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு இனப்பகையால் சிதறியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். ஒரே மன்னரின் கீழ் ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் தனித்தனி அரசுகளாக்கிய 1867 உடன்பாட்டின்படி வெளியுறவு, போர், அவ்விரண்டுக்குமான நிதி மட்டுமே பொதுத்துறைகள். சுங்க வருவாய் போக மீதிச் செலவில் ஆஸ்திரியா 70, ஹங்கேரி 30 விழுக்காடு ஏற்றன. இந்தப் பங்கீட்டையும் சுங்க ஒன்றியத்தையும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். வினை அங்கேதான் இருந்தது. 1897-இல் தவணை வந்தபோது, புதுப்பித்தலுக்கு வியன்னா நாடாளுமன்றத்தின் செக் உறுப்பினர்களின் ஆதரவைப் பெற, செக் மக்களும் ஜெர்மானியர்களும் வாழ்ந்த பொஹீமியா, மொராவியா மாகாணங்களின் அதிகாரிகள் 1901 ஜூலைக்குள் செக், ஜெர்மன் இரண்டும் அறிந்திருக்க வேண்டும் என்று ஆஸ்திரியப் பிரதமர் பதேனி ஆணையிட்டார். படித்த செக் மக்களுக்கு ஜெர்மன் ஏற்கெனவே தெரியும். ஜெர்மானியர்களில் செக் அறிந்தவர்கள் குறைவு. அரசு வேலை கைநழுவும் என்ற அச்சம் வியன்னா நாடாளுமன்றத்தையே முடக்கியது. நவம்பரில் பதேனி பதவி இழந்தார்.

ராணுவம் இதே சிக்கலை எவ்வளவோ விவேகமாகக் கையாண்டது. கட்டளைகளுக்குச் சுமார் 80 ஜெர்மன் சொற்கள் போதும். ஒரு ரெஜிமென்டில் (படைப்பிரிவில்) 20 விழுக்காட்டினர் பேசும் மொழி எதுவானாலும் அது ரெஜிமென்ட் மொழி. அதிகாரிகள் அதைக் கற்றே தீர வேண்டும். அப்படிக் கற்ற அதிகாரிகள் 1914-இல் பெருமளவில் மாண்ட பிறகுதான் அந்த ஏற்பாடு தளர்ந்தது.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர்கள் சிலர்