சங்கத்தின் விதி குடியிருப்பவரையும் சேரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையின் பொருட்டு அமெரிக்கா வந்து தனி வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கும் நம்மவர்களில் பலர், வீட்டுக்காரரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு தங்கள் பொறுப்பு முடிந்துவிடுவதாக எண்ணுகிறார்கள். டெக்சாஸில் ஏழாண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கும் நானும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எங்கள் குடியிருப்புக்கு வீட்டு உரிமையாளர் சங்கம் ஒன்று உண்டு என்பதும், எச்.ஓ.ஏ. என்று இங்கே எல்லோரும் சொல்லும் அதன் விதிகள் என்னையும் கட்டுப்படுத்தும் என்பதும், வீட்டுக்காரர் அனுப்பிய அபராதக் கடிதத்தைப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தன.

குற்றம் பெரிதல்ல. குப்பை வண்டி வந்துபோன பிறகும் தொட்டியைத் தெருவோரத்திலேயே விட்டிருந்தேன். ஓரிரு முறையல்ல, பல வாரங்கள். தவறு என்னுடையதுதான். ஆனால், முதல் எச்சரிக்கைக் கடிதம் வேறு மாநிலத்தில் வசிக்கும் வீட்டுக்காரருக்குப் போய், அவர் அதைப் பிரிக்காமலே வைத்திருந்து, இரண்டாவது கடிதமும் வந்து, அபராதமும் விதிக்கப்பட்ட பின்னர்தான் எல்லாம் மொத்தமாக என் கைக்கு வந்தன. முதல் கடிதத்தின்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொட்டி அன்று மாலையே உள்ளே போயிருக்கும்.

வீட்டுக்காரரை மட்டும் குறைசொல்வதற்கில்லை. ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது. இத்தகைய குடியிருப்பில் வீடு வாங்குபவர் வாங்கியவுடனேயே சங்கத்தின் உறுப்பினராகிவிடுகிறார். விதிகள் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் பதிவாகி, வீடு கை மாறினாலும் நிலத்தை விட்டு அகலாதவை. வாடகைதாரர் உறுப்பினர் அல்லர். பொதுவாக அவருக்கு வாக்கும் கிடையாது. டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின்படி அபராதம் விதிக்கும் முன் சங்கம் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், சரிசெய்யத்தக்க மீறலாக இருந்தால் நியாயமான அவகாசம் தர வேண்டும், அறிவிப்பு அஞ்சலில் சேர்க்கப்பட்ட 30 நாள்களுக்குள் அவர் விசாரணை கேட்கவும் இடமுண்டு. நல்ல சட்டம்தான். ஆயினும் தொட்டியை எடுத்து வைக்க வேண்டியவர் ஒருவர், அவகாசம் பெறுபவர் இன்னொருவர் என்றால் அந்த அவகாசத்தால் யாருக்குப் பயன்?

புளோரிடாவில் நிலை வேறு. அங்கே சங்கம் வாடகைதாரர்மீதே நேரடியாக அபராதம் விதிக்கலாம். ஆனால் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பும், சங்க நிர்வாகிகள் இடம்பெறாத குழுவின் முன் விசாரணையும் அவருக்கு உண்டு. பொறுப்பும் அறிவிப்பும் ஒருவரிடமே வருவதால் இது எனக்கு நேர்மையாகப் படுகிறது. அதே மாநிலத்தில், வீட்டுக்காரர் சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையைப் பாக்கி வைத்தால், வாடகையைத் தன்னிடமே செலுத்தும்படி சங்கம் குடியிருப்பவரிடம் எழுத்துமூலம் கேட்கலாம். அப்படிச் செலுத்திய தொகையை வீட்டுக்காரர் மறுபடி கேட்க முடியாது. இது தெரியாத ஒருவர் அந்தக் கடிதத்தை மோசடி என்று கிழித்துப் போட்டாலும் வியப்பதற்கில்லை.

சங்கம் எழுதியதெல்லாம் செல்லும் என்பதும் சரியல்ல. வாசலில் சாமிப் படமோ சிலுவையோ மாட்டுவதைச் சங்கம் தடுக்கலாகாது என்று டெக்சாஸ் 2011-இல் சட்டம் செய்து, 2021-இல் அதை விரிவாக்கியது. அந்தப் பாதுகாப்பு உரிமையாளரோடு குடியிருப்பவருக்கும் உரியது. ஒரு மீட்டருக்கு மேற்படாத டிஷ் ஆன்டெனா வைக்கும் உரிமையை 1996-இல் வந்த மத்திய அரசின் விதி காக்கிறது. 1999 முதல் வாடகைதாரர்கள் தங்களுக்கே உரிய இடத்தில் அதைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் கொடி கட்டித் துணி காயப்போடுவது பல குடியிருப்புகளில் விதிமீறல். ஊரிலிருந்து வரும் நம் அம்மாக்கள் இறங்கிய மறுநாளே கொடி கட்ட இடம் தேடுவார்கள் என்பதால் இதைத் தனியே சொல்கிறேன்.

ஆகவே, வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் கையெழுத்திடும் முன்பே சங்கத்தின் விதிகள் முழுவதையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். எத்தனை கார் நிறுத்தலாம், புல் வெட்டுவது யார் பொறுப்பு, நீச்சல் குளத்தை வாடகைதாரர் பயன்படுத்தலாமா என்பவை அவற்றில்தான் இருக்கும். இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடும் தமிழர்களும் இங்கே இருக்கிறார்கள். விதிப் புத்தகத்தைச் சாவியோடு சேர்த்துக் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய வேலையல்ல. குடியிருப்பவரின் தொடர்பு விவரங்களை உரிமையாளரிடம் கேட்டுப் பெற டெக்சாஸ் சட்டம் சங்கங்களை அனுமதிக்கிறது. பெற்ற முகவரிக்கு எச்சரிக்கையின் நகல் ஒன்றையும் அனுப்பினால், சங்கம் விரும்பும் ஒழுங்கு அபராதமின்றியே கிடைத்துவிடும்.

அந்த அபராதத்தை நானே கட்டினேன். அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, சங்கத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் ஐந்து நாள்களுக்குள் எனக்கு அனுப்பிவிட வேண்டும், தவறினால் அதனால் வரும் அபராதம் வீட்டுக்காரரையே சேரும் என்று ஒரு வரியைச் சேர்க்கக் கேட்டேன். அவர் மறுக்காமல் சேர்த்துக் கையெழுத்திட்டார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
டெக்சாஸ், அமெரிக்கா.