பெரியம்மாவுக்கு, லெந்து நாட்கள் தொடங்குமுன்

அன்புள்ள பெரியம்மா,

ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாட்களில் உபவாசம் இருப்பாயா என்று போனில் நீங்கள் கேட்டபோது "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்க்க ஒன்றுமில்லை, முடிவு செய்தாகிவிட்டது. இந்த லெந்தில் நான் உபவாசம் இருக்கப் போவதில்லை. அடுத்த வருஷமும் இல்லை. மூன்று வேளையும் சாப்பிடுவேன், நடுவில் பசித்தால் அப்போதும் சாப்பிடுவேன். டாக்டர் சொன்னது அதுதான், ஜெபித்து நான் எடுத்த முடிவும் அதுதான்.

இதை உங்களிடம் நேரில் சொல்லாமல் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவது உங்களுக்கு வலிக்கும். மன்னியுங்கள். நேரில் சொன்னால் உங்கள் கண் கலங்கும், நான் உடனே சரி என்றுவிடுவேன். அப்புறம் நம் சபையில் இப்போது எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களும் இதைப் படிக்கட்டும். ஆஸ்பத்திரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. அப்பா பேசியதையும் எழுதவில்லை.

இயேசு சிலுவையில் மரித்ததை நினைக்கிற பெரிய வெள்ளி ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எனக்கு அப்போது 15 வயது. மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை, பங்குனி வெயில், கோயில் முழுக்க வெள்ளைச் சேலை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தைக்குப் பிரசங்கியார் எழும்பி "தாகமாயிருக்கிறேன்" என்று வாசித்தது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு பெஞ்சு விளிம்பு நெற்றியில் இடித்தது. கண் விழித்தபோது உங்கள் மடியில் கிடந்தேன். முந்தானையை நனைத்து என் நெற்றியில் வைத்திருந்தீர்கள். உங்கள் கையில் பூண்டு வாசனை அடித்தது. சபைக் கஞ்சிக்குக் காலையில் காணத்துவையல் அரைத்த கை அது. சுற்றி நின்றவர்களிடம் சொன்னீர்கள்: "நேத்துல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. பிள்ளைக்கு அவ்வளவு பக்தி."

பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோதுகூட உங்கள் குரலில் அந்தப் பெருமையை நான் கேட்டதில்லை. ஆராதனை முடிந்து வெளியே கஞ்சி ஊற்றினார்கள். யாரோ ஒரு அக்கா எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். "அவ ராத்திரிதான் முடிப்பா" என்று நீங்கள் அதைத் தள்ளிவிட்டீர்கள். கஞ்சியின் சூடு முகத்தில் அடித்துவிட்டுப் போனது.

பெரியம்மா, அதற்கு முன்பே பல வாரமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. லெந்து வந்ததும் யாரும் ஏன் என்று கேட்பது நின்றது, அவ்வளவுதான். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அடுக்களையில் நின்றபடி பழைய சோற்றை அள்ளி அள்ளித் தின்றதும், அதற்கு மறுநாள் தண்டனையாகப் பட்டினி கிடந்ததும் உங்கள் காதுக்கு வரவேயில்லை. அந்தச் சுழற்சிக்குப் பெயர் இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது என்று எனக்கும் முப்பது தாண்டித்தான் தெரிந்தது.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் நான் இரண்டாம் தடவை சோறு கேட்டால், "நீ போஜனப்பிரியனாயிருந்தால், உன் தொண்டையிலே கத்தியை வை" என்று நீதிமொழிகளைச் சொல்லிச் சிரிப்பீர்கள். அதற்கு முந்தின வசனத்தை எடுத்துப் பாருங்கள். அதிபதியோடு பந்தியில் உட்காருகிறவனுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. வளர்கிற பிள்ளையின் தட்டுக்கு அதை ஏன் கொண்டுவந்தீர்கள்? இயேசுவையே போஜனப்பிரியன் என்று ஏசினார்கள், மத்தேயு 11-ல் இருக்கிறது. அதற்காக அவர் யார் வீட்டுப் பந்தியையும் விட்டு எழுந்து போகவில்லை.

அம்மா படுக்கையில் கிடந்தபோது நீங்கள் இருந்த உபவாசத்தை நான் ஒருநாளும் குறைசொல்ல மாட்டேன். அது அன்பு. வெறும் தரையில் முழங்காலிட்டு விடியும்வரை அழுதீர்கள். அந்த ஜெபத்தின் நிழலில்தான் நானும் வளர்ந்தேன்.

ஆனால் எனக்குக் காவலாக யாரும் நிற்கவில்லையே. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் உபவாசக் கடமை, அதுவும் 59 வயது நிறையும்வரைதான். நம் சபையில் அவரவர் மனசாட்சி என்று விட்டுவிட்டோம். லெந்து தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிவரை 46 நாள். அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் அதைக் கழித்துத்தான் 40. நான் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாப்பிடவில்லை, அதைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்ல ஒருவரும் இல்லை. கிறிஸ்தவத் துறவி சாது சுந்தர் சிங் 1913-ல் நாற்பது நாள் உபவாசத்துக்குப் போனதை ஞாயிறு பள்ளியில் உருகி உருகிச் சொன்னார்கள். அவர் உடல் ஓய்ந்து போய், மற்றவர்கள் தூக்கி வந்து பராமரிக்க வேண்டியிருந்ததை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

இப்போது நான் அதிகமாக வாசிப்பது 1 இராஜாக்கள் 19. எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று சொல்லிச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறான். தேவதூதன் வந்து அவனைக் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுத் திரும்பப் படுத்தவனை இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். எலியா நாற்பது நாள் நடந்தது அந்தச் சாப்பாட்டின் பலத்தினால்தான். இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம், அந்த அடையைப் பற்றி ஒரு பிரசங்கமும் எனக்கு நினைவில்லை. சிலுவையிலே நம் ஆண்டவரும் தம் தாகத்தை மறைக்கவில்லை, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

பெரிய வெள்ளிக்கு ஊருக்கு வருகிறேன். மும்மணி ஆராதனைக்கு உங்கள் பக்கத்தில்தான் உட்காருவேன். நீங்கள் வழக்கம்போல உபவாசம் இருங்கள், மருந்து மாத்திரை மட்டும் விடாதீர்கள். காலையில் எனக்கு நாலு இட்லி வேண்டும். அடுப்புப் பற்றவைக்க உங்களுக்கு மனம் வராவிட்டால் நானே ஊற்றிக்கொள்கிறேன். நான் சாப்பிடும்போது யாராவது வந்தால் அடுக்களைக் கதவைச் சாத்தாதீர்கள், பெரியம்மா.

உங்கள் மகள்