சனசமூக நிலையச் செயலாளரின் ஆண்டறிக்கை: நுளம்பை இனங்காணும் பணி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், எமது வட்டாரத்தில் எந்த இன நுளம்பு எங்கே பெருகுகிறது என்பதை நாமே பார்த்து அறிவதற்கு ஒரு சுகாதாரக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. அந்தக் குழுவின் வேலையே இவ்வறிக்கையின் பெரும்பகுதி. வாசிகசாலை, முன்பள்ளி, விளையாட்டுக் குழு ஆகியவை வழமைபோல் இயங்கின. அவற்றின் விவரம் பொருளாளரின் அறிக்கையில் வரும்.

வடகீழ்ப் பருவமழைக்குப் பின் மார்கழியிலும் தையிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் டெங்கு ஏறுவதை நாம் எல்லோரும் அறிவோம். 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,101 பேர் டெங்கு சந்தேகத்துடன் பதிவு செய்யப்பட்டார்கள். காய்ச்சல் பரவத் தொடங்கியதும் புகையடிக்க வேண்டும் என்ற கோரிக்கைதான் எம்மிடம் முதலில் வருகிறது. புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். நீரில் கிடக்கும் குடம்பியை, அதாவது நுளம்பின் புழுப்பருவத்தை, அது தொடுவதில்லை. குடம்பி கிடக்கும் நீரைத் தேட வேண்டுமானால், கடிப்பது எந்த நுளம்பு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வோர் இனமும் வேறு வேறு நீரைத் தேடிச் செல்கிறது. இதை எமது அங்கத்தவர்கள் தம் கண்ணாலேயே கண்டு தெளிய வேண்டும் என்பதே குழுவின் நோக்கமாக இருந்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எமது மண்டபத்தில் பயிற்சி வகுப்பு நடத்தினார். நிலையத்தின் நிதியிலிருந்து கைவில்லைகள் (கையில் பிடிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடிகள்) வாங்கப்பட்டு, உயர்தர வகுப்பு மாணவர்களிடமும் ஆர்வமுள்ள இல்லத்தரசிகளிடமும் கொடுக்கப்பட்டன. அடித்துக் கொன்ற நுளம்பைக் கொண்டுவந்தால் பயனில்லை என்பதே அங்கே கற்ற முதற்பாடம்; அடையாளம் முழுவதும் உடலை மூடியிருக்கும் நுண்ணிய செதில்களில் இருப்பதால், விரல் பட்டாலே அது அழிந்துவிடும். சுவரில் இருக்கும் நுளம்பின்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து, அடியில் கடதாசியைச் செருகி, குளிர்சாதனப் பெட்டியின் உறைகூட்டில் சிறிது நேரம் வைத்துவிட்டு, வெள்ளைக் கடதாசியில் கொட்டிப் பார்ப்பதே சரியான முறை. உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருந்தால் அது ஆண். ஆண் கடிப்பதில்லை என்பதால் அதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெண்ணை மட்டும் ஆராய்ந்தோம்.

டெங்கு நுளம்பு என்றாலே காலில் வெள்ளை வரி என்பது பொதுவான எண்ணம். அது உண்மைதான், ஆனால் டெங்கைப் பரப்பும் இரண்டு இனங்களுக்கும் அந்த வரி இருப்பதால், காலை மட்டும் பார்த்து அவற்றைப் பிரிக்க இயலாது. நெஞ்சின் மேற்புறத்தைப் பார்க்க வேண்டும். ஈடிஸ் எஜிப்டிக்கு அங்கே இருபுறமும் வளைந்த வெள்ளிக் கோடுகளும், நடுவில் மெல்லிய இரண்டு கோடுகளும் சேர்ந்து யாழின் வடிவில் தெரியும். ஈடிஸ் அல்போபிக்டஸுக்குத் தலையிலிருந்து நெஞ்சின் நடுவே ஓடும் ஒற்றை வெள்ளைக் கோடு மட்டுமே உண்டு. வயதான நுளம்பில் செதில் உதிர்ந்து கோடு மங்கியிருந்தால், உறிஞ்சுகுழலின் அடியிலுள்ள முகமேட்டைக் கைவில்லையால் பார்க்கலாம். எஜிப்டியின் பெண்ணுக்கு அங்கே இரண்டு வெள்ளைப் பொட்டுகள் இருக்கும், அல்போபிக்டஸுக்கு அந்த இடம் முழுக் கருமை.

இந்த வேறுபாட்டால் தேடும் இடமே மாறுகிறது. எஜிப்டி மனிதரை அண்டி வீட்டுக்குள்ளேயே இளைப்பாறி, நீர்த்தாங்கி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி போன்றவற்றில் முட்டையிடும். அல்போபிக்டஸ் செடிகொடி நிறைந்த வளவை விரும்பும். மரப்பொந்தும் இலைக்கக்கமும் சிரட்டையும் அதற்குப் போதும். கோட்டைப் பார்த்து இனத்தைத் தெளிந்த பிறகு, சில வீடுகளில் வளவைக் கூட்டிப் பெருக்குவதை விட்டுவிட்டு வீட்டுக்குள் தேடினோம். குடம்பி அங்கேதான் இருந்தது. குடாநாட்டின் கரையோரத்தில் கைவிடப்பட்ட படகுகளிலும் பாவனையற்ற கிணறுகளிலும் தேங்கும் சற்று உவர்ப்பான நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்திருப்பதை இங்கே குறிப்பிட வேண்டும். உப்புநீரில் நுளம்பு வராது என்று கடற்கரையை விட்டுவிடுவது சரியல்ல.

அங்கத்தவர்கள் “டெங்கு நுளம்பு” என்று பதற்றத்துடன் கொண்டுவந்தவற்றில் பல ஆர்மிஜெரிஸ் இனத்தவை. பருத்த உடலும் வயிற்றுப் பக்கங்களில் வெள்ளைப் பட்டைகளும் இருப்பதால் அது பயத்தைத் தருகிறது. அதன் காலில் வரி கிடையாது. உறிஞ்சுகுழலின் நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். பொழுதுபடும் வேளையில் கூட்டமாக வந்து கடிக்கும் இந்த நுளம்பு டெங்கைப் பரப்புவதாக அறியப்படவில்லை. ஆனால் அது மலக்குழியிலும் அழுக்கு நீரிலும் பெருகுவதால், அதைக் கண்ட வீட்டில் மலக்குழி மூடியின் வெடிப்பைப் பார்க்கும்படி சொன்னோம். கபில நிறத்தில், வரியற்ற காலும் மழுங்கிய வயிற்று நுனியும் கொண்ட கியூலெக்ஸ் நுளம்பும் இங்கே ஏராளம். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய இனம் அதில் உண்டு என்பதால் கழிவுநீர் வாய்க்கால்களும் எமது கவனத்தில் இருந்தன.

குழு மிகவும் அக்கறையோடு தேடியது, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் வகை நுளம்புகளில் ஒன்றான அனோபிலிஸ் ஸ்டீபன்சியை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் இந்த நுளம்பு மன்னாரில் முதன்முறையாக இனங்காணப்பட்டது, பின்னர் யாழ்ப்பாண நகரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிவந்த அனோபிலிஸ் குலிசிபேசிஸ் ஆற்றுப்படுக்கைக் குட்டைகளில் வளர்வது. ஸ்டீபன்சியோ நகரத்தின் கிணற்றிலும் நீர்த்தாங்கியிலும் வளரும். ஆறு இல்லாத, வீட்டுக்கு ஒரு கிணறு உள்ள எமது மண்ணுக்கு இதைவிடக் கவலை தரும் செய்தி இருக்க முடியாது. நோய் இல்லாதபோது அசட்டையாக இருந்ததன் விலையை இந்த நாடு முன்பே கொடுத்திருக்கிறது: 1963இல் 17 மலேரியா நோயாளர் மட்டுமே இருந்த இலங்கையில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது பெருந்தொற்றாகத் திரும்பியது.

அனோபிலிஸை அது அமரும் விதத்திலேயே கண்டுகொள்ளலாம். மற்றவை சுவருக்கு இணையாக அமர, இது தலையைத் தாழ்த்தி வயிற்றை உயர்த்திச் சாய்ந்து நிற்கும். சிறகில் கருமையும் வெண்மையுமான புள்ளிகள் இருக்கும்; உறிஞ்சுகுழலின் இருபுறமும் உள்ள உணர்நீட்சிகள் பெண்ணிலும் அக்குழலின் நீளத்துக்கே இருக்கும். அனோபிலிஸ் இனங்களுக்குள் ஸ்டீபன்சியைப் பிரிப்பதே கடினம். அதன் காலிலும் உணர்நீட்சியிலும் பொடிப்பொடியான வெண்புள்ளிகள் தூவியிருக்கும். குடாநாட்டில் சாதாரணமாகக் காணப்படும் அனோபிலிஸ் சப்பிக்டஸுக்கு அவை இல்லை. இந்த இடத்தில் கைவில்லையின் திறன் முடிந்துவிடுகிறது என்பதே குழுவின் முடிவு. ஆகவே அனோபிலிஸ் என்று தெரிந்த ஒவ்வொன்றையும், பிடித்த இடத்தையும் திகதியையும் எழுதி, பூச்சியியல் உத்தியோகத்தர்களிடம் நுணுக்குக்காட்டிச் சோதனைக்கு ஒப்படைத்தோம்.

கிணற்றை எட்டிப் பார்ப்பவர்களுக்குக் குடம்பியே போதிய குறிப்பு. அனோபிலிஸ் குடம்பிக்குச் சுவாசக்குழாய் இல்லாததால் நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். ஈடிஸும் கியூலெக்ஸும் வாலிலுள்ள சுவாசக்குழாயால் தலைகீழாகத் தொங்கும். ஈடிஸின் குழாய் குட்டை, கியூலெக்ஸின் குழாய் நீண்டு மெலிந்தது. வாளியில் அள்ளிய நீரைப் பார்த்து இதைச் சொல்லப் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவாகப் பழகிக்கொண்டார்கள்.

உலக நுளம்பு நாளான ஆகஸ்ட் 20ஐ ஒட்டி மண்டபத்தில் மாதிரிகளைக் காட்சிக்கு வைத்தோம். 1897இல் அதே நாளில் பிரித்தானிய மருத்துவர் ரொனால்ட் ரோஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் நுளம்பின் குடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் வேறு இன நுளம்புகள்; புள்ளிச் சிறகு கொண்ட நுளம்பு கைக்கு வந்த பிறகே விடை கிடைத்தது. இனங்காணல் ஏன் முதல் வேலை என்று கேட்ட மாணவர்களுக்கு இந்த வரலாற்றையே சொன்னோம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகசபை மூன்று முன்மொழிவுகளைச் சமர்ப்பிக்கிறது. ஆளில்லாத வளவுகளிலுள்ள கிணறுகளை, உரிமையாளரின் அல்லது உறவினரின் அனுமதியுடன், நுண்வலையால் மூடவோ அவற்றில் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடவோ வேண்டும்; வெளிநாட்டிலுள்ள உரிமையாளர்களுக்கு இது பற்றி எழுத நிர்வாகசபைக்கு அதிகாரம் தரும்படி கேட்கிறேன். ஈடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி ஈரமின்றியே பல மாதங்கள் உயிரோடு இருப்பதால், தேய்த்துக் கழுவும் பணி மழைக்கு முன் ஆவணியிலேயே தொடங்க வேண்டும். பழுதற்ற ஒரு நுணுக்குக்காட்டியை வாங்குவதற்கு நன்கொடை திரட்டவும் சபையின் அனுமதி வேண்டும்.

வகுப்பு நடத்திய பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், மாதிரிகளைச் சோதித்து விளக்கம் தந்த பூச்சியியல் உத்தியோகத்தர்களுக்கும், கிணற்றையும் வீட்டையும் திறந்துவிட்ட குடும்பங்களுக்கும், கைவில்லையோடு வீடு வீடாகச் சென்ற மாணவர்களுக்கும் நிலையத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்